எங்க வீட்டுல செத்தவங்க

உக்காருங்க தம்பி. சினிமாக் கம்பெனீன்னு நீங்க சொல்றதுக்கு மின்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. கோபிக்கு இந்தப் பக்கம், வாய்க்கா ஓரமா, இப்படியொரு தொட்டிக்கட்டு வீட்டத் தேடிக் கார்ல வர்றவங்க ஒண்ணு வழி தப்பி வந்தவங்களா இருக்கோணும், இல்லாட்டி சினிமாக்காரங்களா இருக்கோணும்.

வீட்டச் சுத்திக் காட்டறதுல எனக்கொண்ணும் சிரமமில்லீங்க. ஆனா அதுக்கு மின்னாடி நான் கொஞ்சம் பேசோணும். நீங்க குறுக்க பேசாமக் கேக்கோணும். கேட்டதுக்கப்பறம் இந்த வீடு வேணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

சம்பூரணம், தம்பிக்குக் காப்பி.

அவதானுங்க என்ற சம்சாரம். நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க, உக்காருங்க. அவகிட்டப் பேசறதுக்கு என்ன இருக்குது, எதா இருந்தாலும் நானே சொல்லீர்றேன்.

என்ற பேரு சென்னியப்பன். நெல்லும் மஞ்சளும் போட்டுக்கிட்டு இருக்கறமுங்க. இந்த வீட்டுல நெசமாச் செத்தவங்க எல்லாரும் வயசாகி, கட்டல்ல படுத்து, பேரன் பேத்தி கையால பால் குடிச்சுட்டுச் செத்தவங்க. ஒரு சண்ட கெடையாது, ஒரு போலீசு வந்தது கெடையாது. சினிமாவுல செத்தவங்க கத வேறீங்க. அதத்தான் சொல்ல வர்றேன்.

மொதமொதல்ல வந்த டைரக்டரு தாடி வெச்சவரு. தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாருங்க. "கதைல இந்த வீடு ஆருதுங்க"ன்னு கேட்டேன். "ஊருக்கே பெரிய மனுசன் ஒருத்தர் வீடு சார். அவரோட கம்பீரம் இந்தத் தூணுல தெரியணும்"னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு வீட்டக் குடுத்துட்டனுங்க. வீட்ட மட்டுமா, எங்க பாத்தர பண்டம், நான் போத்தற சால்வ, எங்கப்பாரு உக்காந்த நாக்காலி, கேட்டதெல்லாம் குடுத்தேன்.

படம் வந்துச்சு. வேன் புடிச்சு ஒறம்பரை எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுக் கோபிக்குப் போனமுங்க. பெரிய மனுசன் எங்க வாசப்படியில எறங்கி வர்றாரு, மொதல்ல செருப்பு மட்டும் தெரியுது, அப்பறம் என்ற சால்வ தெரியுது. நான் பக்கத்துல இருந்த மச்சானத் தோள்ல தட்டி, "பாத்துக்குங்க"ன்னேன். கைய அப்படியே அவரு தோள்லயே போட்டுக்கிட்டேன்.

இடைவேளைக்கு மின்னாடி அந்த மனுசன் என்ன பண்ணுனாருங்கறீங்க? நகை பத்தலீன்னு மருமகளுக்குப் பால்ல விசத்தக் கலந்து குடுத்தாரு. எங்க சொம்புல. எங்க சொம்புலீங்க தம்பி. கோயிலுக்குப் பால் கொண்டுபோற சொம்பு. தியேட்டரே உச்சுக்கொட்டுது. மச்சான் என்ற கையத் தோள்லிருந்து மெதுவா எடுத்து என்ற மடியிலயே வெச்சுட்டாரு.

டைரக்டருக்குப் போன் பண்ணுனேன். "சார், வீடு சூப்பரா வந்திருக்கு சார். பாக்கறவங்க எல்லாம் பயமா இருக்குங்கறாங்க"ன்னு சந்தோசமாச் சொல்றாரு.

ஒரு தடவ ஒரு வீட்டுல விசம் வெச்சுட்டா, சினிமாக்காரங்களுக்கு அந்த வீட்ட ரொம்பப் புடிச்சுப்போகுதுங்க. அடுத்தடுத்து வந்தாங்க. நெல்லுக் கொட்டற ரூமுல ஒரு புள்ள தூக்கு மாட்டிக்கிச்சு. மேக்கால இருக்கற மூல ரூமுல ஒரு விதவைய அடைச்சு வெச்சாங்க. அந்த ரூமுக்கு வெள்ளையடிக்கப் போனேன், வேண்டவே வேண்டாம்னுட்டாங்க, அந்தக் கற படிஞ்ச செவுருதான் சோகமா இருக்குதாம். சம்பூரணம் நோம்பிக்குக் கலர்ச் சீலையத் தொவச்சுக் காயப்போட்டிருந்தா, அதக்கூட எடுத்துட்டு வெள்ளச் சீலையக் காயப்போட்டாங்க.

அதுல நான் ஒண்ணு கவனிச்சனுங்க. சினிமாவுல ஆம்பளைங்க சாகறதுக்கு வெளிய போவாங்க. சண்டையில சாவாங்க, ரயில்ல சாவாங்க, பார்டருக்குப் போயிச் சாவாங்க. பொம்பளைங்க மட்டும் வீட்டுக்குள்ளயேதான் செத்தாகோணும். அதுவும் தலை நெறையப் பூ வெச்சுக்கிட்டு. வீட்ட வாடகைக்கு விட்டவனுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும்.

இருங்க தம்பி, நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். "எங்க கதைல அப்படி ஒண்ணும் இல்லீங்க"ன்னு சொல்லுவீங்க. எல்லாரும் அதான் சொன்னாங்க. நான் முடிச்சர்றேன்.

அப்பறம் ஒரு பட்டாளத்துக் கத. சரி, இதுல விசம் இல்ல, தூக்கு இல்ல, நாட்டுக்காகப் போராடற பையன், நல்ல கததானேன்னு சந்தோசமா ஒத்துக்கிட்டேன். அந்தப் பையன் சண்டை போட்டதெல்லாம் காஷ்மீர்லயாம். எங்க வீட்டுக்குப் பொட்டியிலதான் வந்தான்.

வாசல்ல பந்தல் போட்டாச்சு. மிலிட்டரி லாரி ஒண்ணு, அது தீயணைப்பு லாரிக்குப் பச்சைப் பெயிண்டு அடிச்சது. ஊரே வந்து துணை நடிகருங்களா நிக்குது. ஆசாரத்துல, இதா இந்த முன்கூடத்துலதான், நாம உக்காந்திருக்கற எடத்துல, கொடி போத்தி ஒரு பொட்டி. அந்த நேரம் பாத்து பவானியிலருந்து என்ற ஒண்ணுவிட்ட அக்கா பழனாத்தா பஸ்ஸுல சத்தியமங்கலம் போயிக்கிட்டிருக்குது. சன்னல் வழியா எங்க வாசல்ல கூட்டத்தப் பாத்துட்டு, பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கி ஓடியாந்துருச்சு. ஆரு என்னன்னு ஒரு கேள்வி கேக்கல. "என்ற சாமீ, யுவராசூ, போயிட்டியா"ன்னு பொட்டி மேல விழுந்துருச்சுங்க.

யுவராஜ் என்ற பையன். கோயமுத்தூர்ல பம்புக் கம்பெனியில இருக்கறான். பட்டாளத்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீன்னு அக்காளுக்கு நல்லாத் தெரியும். ஆனா பொட்டியப் பாத்தா அதெல்லாம் யோசிக்கத் தோணுமுங்களா? மாரடிச்சுக்கிட்டு அழுகுது. நான் கிட்டப் போனா டைரக்டரு கையப் புடிச்சுத் தடுக்கறாரு. "கட் பண்ணாதீங்க, ஓடட்டும், ஓடட்டும்"ங்கறாரு. உள்ள படுத்திருந்த பையன் பாவம், மூஞ்சியக் காட்டற ஷாட்டுக்காக மூடியில்லாமக் கொடிய மட்டும் போத்தியிருந்தாங்க, அக்கா விழுந்ததுல அது வெலகிருச்சு, அக்கா போட்ட சத்தத்துல பயந்து கண்ணத் தொறந்துட்டான். செத்தவன் கண்ணத் தொறந்ததும் அக்கா மயங்கிருச்சு.

எழுப்பி சோடா குடுத்து உக்கார வெச்சு, "இது சினிமாக்கா"ன்னு சொன்னதுக்கு என்னைப் புடிச்சுத் திட்டுச்சு பாருங்க, அத எடுத்திருந்தா இன்னொரு படம் ஆயிருக்கும். ஆனா அப்பறம் மனசு மாறி, படம் வந்ததும் தன்னப் பாக்கறதுக்குன்னு பட்டுச்சீலை கட்டிக்கிட்டு வந்துச்சு. படத்துல அக்கா இல்லீங்க. கேட்டா, "அந்தம்மா நடிப்பு கொஞ்சம் சாஸ்தி சார், நம்பற மாதிரி இல்ல, எடுத்துட்டோம்"ங்கறாங்க. அங்க அழுத அத்தன பேர்ல நெசமா அழுதது அது ஒண்ணுதான்.

அந்தப் படத்துல செத்த பையனோட அம்மாவுக்கு ஒரு வசனம். பொட்டி முன்னால நிமிந்து நின்னுக்கிட்டு, "இன்னொரு பையன் இருந்தா அவனையும் அனுப்பியிருப்பேன்"னு சொல்லோணும். கண்ணுல தண்ணி வரக்கூடாதாம். அத ஒத்திக பாக்கும்போது சம்பூரணம் மோர் கொண்டாந்து குடுத்துக்கிட்டிருந்தவ, சும்மா இருக்க மாட்டாம டைரக்டரக் கேட்டுட்டா. "ஏனுங்க, பெத்தவ அப்படியா பேசுவா?"

டைரக்டரு, "வீரத்தாய்ம்மா"ன்னாரு.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மயிலாத்தான்னு ஒருத்தி இருக்கறாளுங்க. அவ பையன் இப்படித்தான் வந்தான். பொட்டியச் சுத்திச் சுத்தி வந்தா. ‘இது பத்தாதுங்க, என்ற பையன் ஒசரமுங்க, இதுல எப்படிப் படுத்திருப்பான்’னு கலெக்டர் வரைக்கும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தா. பொட்டியத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பெரிய பெரிய ஆளுங்க வேலை செய்யற எடத்துல இவ என்னத்துக்கு இதெல்லாம் பேசறா? "பாலு பொங்குதான்னு போயிப் பாரு"ன்னு உள்ள அனுப்பிச்சு வெச்சேன். அப்பறம் பழைய வசனத்தையே எடுத்தாங்க. தியேட்டர்ல அதுக்குக் கை தட்டுனாங்க. மயிலாத்தா அந்தப் படத்துக்குப் போகலீங்க.

சரி, அதுக்கு அடுத்த படம். அதுலதான் சம்பூரணம் நடிச்சா. நடிச்சான்னு சொல்றது தப்பு, நின்னா.

அதுவும் ஒரு பெரிய மனுசன் கத. அந்த வேசத்துக்கு வந்தவரு ரொம்பப் பெரிய நடிகரு, பேரெல்லாம் வேண்டாமுங்க. சம்சாரமா நடிக்க வேண்டிய அம்மாவுக்குக் காச்சல். அன்னைக்கு எடுத்தே ஆகோணும்ங்கறாங்க. வசனம் ஒண்ணுமில்ல, சமையக்கட்டு வாசல்ல நிக்கோணும், அவரு "இந்த வீட்டுல பொம்பளைங்க பேச்சுக்கு எடமில்ல, நான் முடிவு பண்ணிட்டேன்"னு சத்தம் போட்டதும் தலையக் குனிஞ்சு முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டு உள்ள போகோணும். அவ்வளவுதான். "உங்க வீட்டம்மாவ நிக்கச் சொல்லலாமா சார்"னு என்னைக் கேட்டாங்க. நான் சரின்னேன். அவள எதுக்குக் கேக்கறதுங்க, நிக்கறதுக்கு?

மொத தடவ எடுத்தாங்க. டைரக்டரு, "அம்மா, கண்ணுல பயம் தெரியணும்"னாரு.

"எதுக்குங்க பயம்?"

"அவரு உங்க புருசன்மா. கோவமா இருக்காரு."

"கோவமா இருந்தா என்னங்க. அவரு பேசி முடிக்கட்டும். அதுக்கப்பறம் என்ன செய்யோணுமோ அத நான் செஞ்சுக்குவேன்."

லைட்டுப் புடிக்கறவன்லேர்ந்து எல்லாரும் சிரிக்கறாங்க. அந்தப் பெரிய நடிகரே சிரிச்சுட்டாரு. டைரக்டரு, "சரிம்மா, உங்களுக்கு எப்படி வருதோ அப்படிச் செய்யுங்க"ன்னு விட்டுட்டாரு.

மறுபடியும் எடுத்தாங்க. அவரு மீசையத் துடிக்க விட்டுக்கிட்டு, தூணத் தட்டிக்கிட்டு, அந்த வசனத்தச் சொன்னாரு. எனக்கே புல்லரிச்சுப்போச்சு. இவ அவரையே பாத்துக்கிட்டிருந்தா. அப்பறம், "சரிங்க. கை கழுவீட்டு வாங்க, சோறு ஆறுது"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அதையே படத்துல வெச்சுட்டாங்க. தியேட்டர்ல விசில் பறக்குது. பொம்பளைங்க பக்கத்துலேர்ந்து அப்படியொரு சிரிப்பு, ஓயவே மாட்டேங்குது. எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்கு இன்னும் புரியலீங்க. அந்த வசனம் தெனமும் என்கிட்டச் சொல்றதுதான. நான் ஒரு முடிவு சொன்னா, அவ அதத்தான் சொல்லுவா. நானும் கை கழுவீட்டுப் போயிச் சாப்புடுவேன். இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது?

காப்பி வந்துருச்சு, எடுத்துக்குங்க. சர்க்கரை பத்துமான்னு பாருங்க. சம்பூரணம், நீ போ, நான் பேசிக்கறேன்.

இனிமேத்தான் விசயத்துக்கு வர்றேன். யுவராஜுக்குப் பொண்ணு பாத்தோம். தட்டித் தட்டிப் போயி, கடசீல காங்கேயத்துல ஒரு நல்ல எடம் அமஞ்சுது. பொண்ணு பேரு ஹரிப்பிரியா, அங்கயே ஒரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் டீச்சர். ஜாதகம் பொருந்திப்போச்சு, ரெண்டு பேரும் போன்ல பேசி அவங்களுக்கும் புடிச்சுப்போச்சு. பொண்ணோட அப்பா குழந்தைசாமி, அம்மா ரத்தினாம்பாள், இன்னும் அத்தை, சித்தப்பான்னு எல்லாம் ஒரு வேன்ல எங்க வீட்டப் பாக்க வந்தாங்க.

வேன்லிருந்து எறங்குனவங்க வாசல்லயே நின்னுட்டாங்க. ரத்தினாம்பாள் தலையத் தூக்கி மேல பாக்குது, கீழ பாக்குது. "ஏனுங்கண்ணா, இந்த வீடு எங்கியோ பாத்தாப்பல இருக்குதுங்களே"ன்னுது.

நான் பெருமையா, "சினிமாவுல வந்திருக்குதுங்க"ன்னேன். அந்த எடத்துலதான் தப்புப் பண்ணிட்டேன்.

"அய்யோ, அந்தப் புள்ள தூக்கு மாட்டிக்கிச்சே, அந்த உத்தரம் இதுங்களா?" அவ்வளவு பேரும் அண்ணாந்து பாக்கறாங்க.

நான் உண்மைய எடுத்துச் சொன்னனுங்க. "இது இல்லீங்க, தூக்கு உள்ரூமுல. இங்க விசம் மட்டுந்தான்"னு.

அத்தைக்காரி பின்னால கெணத்துப் பக்கம் எட்டிப் பாத்துட்டு, "அந்தக் கெணத்துல ஒரு மருமக…"ன்னு இழுத்தா. "அது எங்க கெணறு இல்லீங்க. எங்க கெணத்துல அந்த வருசம் தண்ணி இல்ல, அதனால பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல தள்ளுனாங்க"ன்னு அதையும் வெளக்குனேன். நான் எதையும் மறைக்கறவனில்லீங்க. ஒவ்வொரு ரூமாக் கூட்டிக்கிட்டுப் போயி, எங்க எது நடந்துச்சு, எங்க நடக்கலீன்னு பிரிச்சுக் காட்டுனேன். மூல ரூமுக்கு வந்ததும் அவங்க உள்ள வரலீங்க.

ஆசாரத்துல உக்கார வெச்சேன். சம்பூரணம் பலகாரம் கொண்டாந்து வெச்சா. ரத்தினாம்பாள் அவளப் பாத்து, "நீங்க சொல்லுங்கக்கா, எங்க பொண்ணு வந்தா இங்க இருக்கோணுமா, கோயமுத்தூர்லயா"ன்னு கேட்டுது. "அது நான் சொல்றனுங்க"ன்னு நானே சொன்னேன். "வேலைக்குப் போலாமுங்களாக்கா"ன்னுது. அதுக்கும் நானே பதில் சொன்னேன். "உங்களுக்கு எந்த ஊருங்கக்கா"ன்னு கேட்டுது. "அவளுக்குப் பெருந்துறைப் பக்கமுங்க"ன்னேன். எவ்வளவு நேரம் பேசியிருப்பேன், அவங்களுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் வெக்கக் கூடாதுன்னு பேசிக்கிட்டே இருந்தேன். பலகாரத்தத் தொடாம, தண்ணி மட்டும் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

அப்பறம் தரகரு போன் பண்ணுனாரு. பொண்ணூட்டுல யோசிக்கறாங்களாம். வீடு ஒரு மாதிரி இருக்குதாம்.

எனக்கு ராத்திரி பகலு வெசனம். வீட்ட இடிச்சுக் கட்டலாமான்னுகூட நெனச்சுட்டேன். யுவராஜ் போன்ல, "நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் பேசாம இருங்கப்பா, அது போதும்"னான். அவன் சின்னப் பையன், வெவரம் பத்தாது. நேர்ல போயி வெளக்கிச் சொன்னாத்தான் ஆகும்னு நான் முடிவு பண்ணுனேன். சம்பூரணம், "நானும் வர்றனுங்க"ன்னா. வரட்டும், காருல எடம் இருக்குதேன்னு கூட்டிக்கிட்டுப் போனேன்.

காங்கேயத்துல குழந்தைசாமி மரியாதையா உக்கார வெச்சாரு. நான் ஆரம்பிச்சேன். "மச்சான், சினிமா பூராப் பொய்யுங்க. எங்க வீட்டுல ஒரு பொம்பளைய ஒரு வார்த்த கடுஞ்சொல்லு சொன்னதில்ல. கை நீட்டுனதில்ல. இதா என்ற சம்சாரம் உக்காந்திருக்கறா. இத்தன வருசத்துல என்னை எதுத்து ஒரு வார்த்த பேசியிருப்பாளா? வாயே தொறக்க மாட்டா. அவளையே கேட்டுப்பாருங்க."

ரத்தினாம்பாள், "சொல்லுங்கக்கா"ன்னுது.

"அவ என்னத்தச் சொல்றது, நானே சொல்றேன்"னு மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சேன்.

அப்பப் பாத்து உள்ள இருந்து அந்தப் பொண்ணே வெளிய வந்துருச்சுங்க. கூப்புடாமயே. நேரா சம்பூரணத்துகிட்டப் போயி நின்னு மூஞ்சியவே பாக்குது. "அத்தை, ‘கை கழுவீட்டு வாங்க, சோறு ஆறுது’ன்னு சொன்னது நீங்கதானே?"ன்னு கேட்டுது.

சம்பூரணம், "ஆமாஞ்சாமி"ன்னா.

"எங்க ஸ்டாஃப் ரூமுல அது ரொம்பப் பிரபலம் அத்தை. எச்.எம். சத்தம் போட்டுட்டுப் போனா நாங்க அதத்தான் சொல்லிச் சிரிப்போம்"னுட்டு, அவ கையப் புடிச்சு வீட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. ரத்தினாம்பாளும் பின்னாலயே போயிருச்சு. நானும் குழந்தைசாமியும் தென்னங்கன்னு வெலையப் பத்திப் பேசிக்கிட்டு உக்காந்திருந்தோம். பின்னால இருந்து சிரிப்புச் சத்தமாக் கேக்குது. ஒரு பொண்ணோட கல்யாணம் நிக்கற நேரத்துல என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்குதுன்னு எனக்கு எரிச்சலு.

திரும்பி வந்தாங்க. ரத்தினாம்பாள் புருசனப் பாத்து, "பேசியாச்சுங்க. தையில வெச்சுக்கலாம்"னுது. குழந்தைசாமியும் சரின்னுட்டாரு. நான் வெளக்குனது வீண்போகலீங்க. லேட்டாத்தான் வேலை செஞ்சுது.

கார்ல வரும்போது கேட்டேன், பின்னால போயி என்னதான் பேசுனீங்கன்னு. மொதல்ல ஒண்ணுமில்லீங்கன்னா. ரொம்பக் கேட்டதுக்கப்பறம் சொன்னா. ரத்தினாம்பாள் சொல்லுச்சாம்: "விசம், தூக்கெல்லாம் சினிமான்னு எங்களுக்குத் தெரியாதுங்களாக்கா. அதுக்கா பயப்படுவோம்? உங்க வீட்டுக்காரரு அந்தப் படத்துல வர்ற பெரிய மனுசனாட்டமே இருக்காரேன்னுதான் பயந்துட்டோம்."

அதக் கேட்டதும் எனக்கு மனசு நெறஞ்சுபோச்சுங்க தம்பி. மொத டைரக்டரு தூணுல பாத்த கம்பீரத்த அவங்க எங்கிட்டப் பாத்திருக்காங்க. "அதுக்கு நீ என்ன சொன்னே?"ன்னு கேட்டேன். "பாக்கறதுக்குத்தான் அப்படி, சொன்னாக் கேட்டுக்குவாருன்னு சொன்னனுங்க"ன்னா. பாருங்க, எனக்காக எப்படிப் பரிஞ்சு பேசியிருக்கறா.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. மருமகளும் மகனும் கோயமுத்தூர்ல இருக்கறாங்க. சனிக்கெழமை ஆனா வந்துருவாங்க. மருமக வந்ததுலேர்ந்து ஒரு புது வழக்கம். எல்லாரும் ஒண்ணா ஆசாரத்துல உக்காந்துதான் சாப்புடோணுமாம். சம்பூரணமும் கூட உக்காந்துக்கறா. அப்ப பரிமாற ஆளு? ஆருமில்ல. சட்டிய நடுவுல வெச்சுட்டு அவங்கவங்க எடுத்துப் போட்டுக்கறது. மொதல்ல எனக்குச் சட்னி எதுல இருக்குது, கொழம்பு எதுல இருக்குதுன்னே தெரியலீங்க. இப்பப் பழகிப்போச்சு. மூல ரூமுக்குப் பச்சைக் கலர் பெயிண்டு அடிச்சு மருமக அங்க கம்ப்யூட்டர வெச்சிருக்குது.

அதனால தம்பி, நான் வீட்டக் குடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா பொம்பளைங்கள அடிக்கற கத, அடைக்கற கத, கொல்ற கத இந்த வீட்டுல இனிமே எடுக்க முடியாது. நான் முடிவு பண்ணிட்டேன். மருமகளும் அதத்தான் சொல்லுச்சு, ஆனா முடிவு நான் பண்ணுனது. இப்பச் சொல்லுங்க, உங்களுக்கு எந்த ரூமு வேணும்?

என்னங்க?

வீடு வேண்டாமுங்களா? படப்புடிப்பு தேனிப் பக்கமா? அப்பறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?

சம்பூரணத்தையா.

நிக்கறதுக்குங்களா? நடிக்கறதுக்கா. அதெல்லாம் அவ ஒத்துக்க மாட்டாளுங்க. அவளக் கேக்க வேண்டியதில்ல, நானே சொல்றேன்.

ஒத்துக்கிட்டாளா? எப்ப? போன்லயா?

சம்பூரணம், இதென்ன… சரி, சரி. நீயும் வந்து உக்காரு. உக்காந்து சொல்லு.

என்ன வேசமுங்க தம்பி? அரிசி மில்லு நடத்தற அம்மாவா. ஊரே அந்தம்மா பேச்சக் கேக்குமா. வசனம் இருக்குதுங்களா இந்தத் தடவ? அவ்வளவு பக்கமா. இவ அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லீங்களே.

சரி, நல்ல விசயந்தான். புருசன் வேசத்துக்கு ஆரப் போட்டிருக்கீங்க? கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எனக்கும் கேமராவப் பாத்தா பயமெல்லாம் கெடையாது. சால்வ ஏற்கெனவே நடிச்சிருக்குது.

ஆரும் இல்லீங்களா? மில்லு நடத்தற அம்மாவுக்குப் புருசன் எங்க போயிட்டாரு?

ஓ.

கத ஆரம்பிக்கறதுக்கு மின்னாடியேங்களா.

எதுல செத்தாருங்க? விசமெல்லாம் இல்லியே? கதைல அதப் பத்தி ஒண்ணுமே வர்றதில்லீங்களா. சும்மா செத்துட்டாரு. மாலை போட்டு செவுத்துல போட்டோ மட்டும் தொங்கும். அந்தம்மா காலைல மில்லுக்குப் போறப்ப அதுக்கிட்ட நின்னு ரெண்டு வார்த்த பேசீட்டுப் போவாங்க.

போட்டோ பதில் பேசாதுங்களா. ஆமாமா, போட்டோ எப்படிப் பேசும்.

அப்ப இப்ப நீங்க வந்தது அந்தப் போட்டோவுக்கு. என்றதுங்களா? வேற ஆரு போட்டோவ மாட்டுனாலும் நடிக்க மாட்டேன்னு சொல்லிட்டாளா?

சொன்னியா, சம்பூரணம்?

அட, நீ எந்திரிக்காத. தம்பிகிட்டப் பேசிக்கிட்டு இரு. கோட்டுப் போட்டு எடுத்தது ஒண்ணு இருக்குதுங்க, ஈரோட்டுல எடுத்தது, அதுதான் செவுத்துக்கு நல்லா இருக்கும். நானே போயி எடுத்துட்டு வர்றேன்.

அது எந்த பீரோவுல இருக்குது?